வெம்பக்கோட்டைக் குழியில் எத்தனை தொல்லியல்?

சிவகாசி, எம். புதுப்பட்டி, வெம்பக்கோட்டை என்று நீளும் கரிசல் பூமியில் மண்ணுக்கு மேலே நடக்கும் பட்டாசுத் தொழில் நாடறிந்தது. மண்ணுக்குக் கீழே இருப்பது 2022 மார்ச்சுக்குப் பிறகுதான் பொதுப்பேச்சுக்கு வந்தது. அந்த மாதம், வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரையில் மேட்டுக்காடு என்று அழைக்கப்படும் இடத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. 2023இல் இரண்டாம் கட்டமும் 2024இல் மூன்றாம் கட்டமும் நடந்தன. கண்ணாடி மணிகள், சங்கு வளையல்கள், சுடுமண் உருவங்கள், நூல் நூற்கும் தக்களிகள், ஆட்டக்காய்கள், செப்புக்காசுகள், நுண்கற்கருவிகள், திமில் காளை பொறித்த சூதுபவளக் கல் என்று ஆயிரக்கணக்கான பொருள்கள் வெளிவந்தன. செய்தி வரும்போதெல்லாம் டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் எழுந்த கேள்விகள் இரண்டுதான்: எத்தனை வருசத்துப் பழசு, தங்கம் கிடைத்ததா? தங்கம் கொஞ்சம் கிடைக்கத்தான் செய்தது. அன்றைக்கு அதுவே தலைப்புச் செய்தியாகவும் ஆனது. ஆனால் இந்த இரண்டு கேள்விகளோடு நின்றுவிட்டால் அந்தக் குழியில் கிடைத்ததில் பெரும்பகுதி நமக்குக் கிடைக்காமலே போய்விடும். தொல்லியலுக்கு இத்தனை கிளைகள் ஏன் முளைத்தன என்பதற்கான விடையும் இதில்தான் இருக்கிறது. எந்தப் பொருளைத் தோண்டுகிறோம் என்பதை வைத்தோ, அது எவ்வளவு பழையது என்பதை வைத்தோ அவை பிரியவில்லை. ஒரே மண்ணிடம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்வி கேட்கிறது. கேள்விக்கேற்ப எதைச் சான்றாக எடுத்துக்கொள்வது என்பதும் மாறுகிறது.

பள்ளிப் பாடம் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்திருக்கிறது என்பது உண்மை. எழுத்து தோன்றுவதற்கு முந்தைய காலத்தை ஆராய்வது ஒரு பிரிவு, எழுத்து வந்ததற்குப் பிந்தைய காலத்தை ஆராய்வது இன்னொரு பிரிவு என்று காலக்கோடு போட்டுப் பிரிப்பதே அங்கே வழக்கம். இந்தப் பிரிவினைக்கு நியாயமும் இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார்; அதே ஆண்டில் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கமும் கண்டறியப்பட்டது. அங்கே பிற்காலத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் நடத்திய ஆய்வு, மிகப் பழைய கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவித்தது. அந்தக் கல்லைச் செதுக்கியவர் பெயரோ மொழியோ நமக்குக் கிடைக்கப்போவதில்லை. கல்லில் எந்தப் பக்கம் அடி விழுந்தது, சில்லு எப்படித் தெறித்தது, அந்தக் கல் எந்த ஆற்றுப்படுகையிலிருந்து வந்தது என்பவைதான் அங்கே சாட்சி. நாகப்பட்டினத்திலோ தரங்கம்பாடியிலோ தோண்டுகிறவருக்கு ஓலையும் கல்வெட்டும் கம்பெனிக் கணக்கும் துணைக்கு வரும். மண் சொல்வதும் ஏடு சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே அவருடைய வேலையில் பாதி. ஆகவே காலப் பிரிவினையின் அடியில் இருப்பதும் சான்றின் வேறுபாடுதான். காலத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் வெம்பக்கோட்டையே அதை உடைத்துவிடும். கற்காலம் என்ற பெட்டிக்குள் போடப் பழகிய நுண்கற்கருவிகளும், வரலாற்றுத் தொடக்கக் காலம் என்ற பெட்டிக்குரிய மணிகளும் காசுகளும் அங்கே ஒரே மேட்டிலிருந்து வந்திருக்கின்றன. எது எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று பார்க்கிறவருக்குத்தான் அந்த மேட்டின் கதை பிடிபடும்.

காலக்கோட்டைத் தாண்டிப் பிரிந்த கிளைகளில் நம் ஊருக்கு மிகவும் பயன்பட்டது தாவரத் தொல்லியல் என்று சொல்வேன். கருகிய நெல், உமி, விறகுக் கரி, மண்ணில் தங்கிய மகரந்தம் ஆகியவற்றைப் படிக்கும் துறை இது. தோண்டிய மண்ணைத் தொட்டித் தண்ணீரில் கரைத்தால் கருகிய விதை மேலே மிதக்கும். அதைச் சல்லடையில் வடித்து, உலர்த்தி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பழனி அருகே பொருந்தலில் கா. ராஜன் குழுவினர் நடத்திய அகழாய்வில் ஈமச்சின்னம் ஒன்றில் நான்கு கால் ஜாடி நிறைய நெல் கிடைத்தது. அதே ஈமச்சின்னத்தில் தமிழி எழுத்துப் பொறித்த பானைத் தாங்கி ஒன்றும் இருந்தது. எழுத்தின் வடிவத்தை வைத்து அதன் வயதைத் தீர்மானிப்பதில் அறிஞர்களுக்குள் ஓயாத வழக்கு உண்டு. அந்த வழக்கில் நெல் சாட்சி சொல்ல வந்தது. கரிமப் பகுப்பாய்வில் அதன் காலம் கி.மு. 490 என்று தெரிந்தபோது, பக்கத்தில் இருந்த எழுத்துக்கும் அந்த வயதைக் கொடுக்க வாய்ப்பு உண்டாயிற்று. ஓரிடத்துத் தேதியை மட்டும் வைத்து எழுத்தின் தொன்மையை முடிவுசெய்யக் கூடாது என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். அந்த எச்சரிக்கை சரியானதே. ஆனால் மறுப்பவரும் ஏற்பவரும் இப்போது வாதாடுவது எழுத்தின் சுழியைப் பற்றி மட்டும் இல்லை, நெல் இருந்த இடத்தைப் பற்றியும்தான். கல்வெட்டியல் தனியாக நின்று தீர்க்க முடியாததைத் தாவரத் தொல்லியல் ஓரடி நகர்த்தியிருக்கிறது. நெல்லைக் கொட்டிவிட்டு எழுத்துள்ள தாங்கியை மட்டும் பத்திரப்படுத்தியிருந்தால் இந்த வாதமே எழுந்திருக்காது.

விலங்குத் தொல்லியலின் கதையும் இதேபோலத்தான். கீழடியில் கிடைத்த எலும்புத் துண்டுகள் புனேயின் டெக்கான் கல்லூரிக்குப் போனபோது, மாடு, எருமை, ஆடு போன்ற வளர்ப்பு விலங்குகளோடு நீலமான், புல்வாய், காட்டுப்பன்றி, மயில் ஆகியவையும் இருந்தது தெரியவந்தது. இன்றைக்கு வீடும் தோப்புமாக இருக்கும் அந்த வைகைக்கரையில் புல்வெளியும் புதரும் இருந்திருக்க வேண்டும் என்பதை எந்தப் பானை ஓடும் சொல்லாது. ஒரு மான் எலும்பு சொல்லிவிடும். எலும்பில் கத்தி வெட்டிய தழும்பு இருந்தால் அது உணவானது. நுகத்தடி இழுத்த மாட்டின் மூட்டில் தேய்மானம் இருந்தால் அது உழைத்தது. மனித எலும்பைப் பார்ப்பது இன்னொரு கிளை. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் முதுமக்கள் தாழிகளில் இருந்த எலும்புக்கூடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினர் ஆராய்கிறார்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் உதவியோடு இரண்டு மண்டையோடுகளுக்கு முகமும் வரைந்து 2025இல் வெளியிட்டார்கள். நாமோ அந்த முகங்களைப் பார்த்ததும் இவர் யார் இனம் என்று சண்டையைத் தொடங்கிவிட்டோம். அந்தக் கிளை கேட்க வல்ல நல்ல கேள்விகள் வேறு: பல் எப்படித் தேய்ந்தது, குழந்தைப் பருவத்தில் பட்டினி கிடந்தாரா, எத்தனை வயதில் செத்தார், என்ன நோய்.

காலத்தைக் கணிப்பது தனிக் கிளையாகவே வளர்ந்துவிட்டது. நம் மக்களின் முதல் கேள்விக்கு விடை இதனிடம்தான் இருக்கிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் குழப்பம் அதிகம் இங்கேதான். கரிமப் பகுப்பாய்வு, ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் வயது சொல்லும்: கரி, நெல், எலும்பு. மரம் எப்போது வெட்டப்பட்டது, நெல் எப்போது அறுக்கப்பட்டது என்பதிலிருந்துதான் அதன் கணக்கு தொடங்கும். ஒளி உமிழ்வு முறை என்று இன்னொன்று இருக்கிறது. மணல்துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது, பானை கடைசியாக எப்போது சூளையில் சுடப்பட்டது என்று அது சொல்லும். கல்லுக்கும் கண்ணாடிக்கும் இரும்புக்கும் இந்த வழிகளில் பெரும்பாலும் நேரடியாக வயது கேட்க முடியாது. அவற்றோடு கிடந்தவற்றைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 ஜனவரி 23 அன்று வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பின் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டுபோனது. அதற்கு எழுந்த முக்கிய மறுப்பு, தேதி கரிக்கும் பானை ஓட்டுக்கும் உரியது, இரும்புக்கு எப்படிப் பொருந்தும் என்பதே. மறுப்பை அரசியல் என்று தள்ளிவிடுவதும், கண்டுபிடிப்பைப் பெருமைப் பேச்சு என்று தள்ளிவிடுவதும் சோம்பேறித்தனம். மறுப்புக்கு முறையான பதில் மண்ணடுக்கில் இருக்கிறது: தாழி மூடியபடி இருந்ததா, பிற்காலத்தில் யாரும் கிளறினார்களா, கரியும் இரும்பும் ஒரே சமயத்தில் உள்ளே வைக்கப்பட்டவையா, வெவ்வேறு கூடங்களில் வெவ்வேறு முறைகளில் கணித்த தேதிகள் ஒத்துப்போகின்றனவா. சிவகளை மாதிரிகளை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி, ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளில் கணித்தது இதற்காகத்தான். இன்னும் பல ஊர்களில் இதே காலம் வந்தால் மறுப்பு மெலியும், வராவிட்டால் வலுக்கும்.

பொருளை விட்டு இடத்தைப் பார்க்கும் கிளை நிலத்தோற்றத் தொல்லியல், அதாவது ஒரு வட்டாரத்தின் நிலம் முழுவதையும் ஒன்றாகப் பார்ப்பது. வெம்பக்கோட்டைக் குழிக்குள் மட்டும் நின்றால் சங்கு வளையல் ஒரு வளையல்தான். வைப்பாற்றைப் பிடித்துக்கொண்டு போனால் அது சாத்தூரைத் தாண்டி மன்னார் வளைகுடாவில் விழுகிறது. சங்கு கிடைப்பது அந்தக் கடலில்தான். ஆற்றுவழியும் பெருவழியும் குளமும் மேடும் எங்கெங்கே என்று வரைபடமும் செயற்கைக்கோள் படமும் கொண்டு பார்த்தால், கரிசல் காட்டு ஊர் கடலோடு எப்படி உறவு வைத்திருந்தது என்ற கேள்விக்கு வழி திறக்கும். கடலுக்குள்ளேயே போகும் கிளையும் நமக்கு இருக்கிறது. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் 1980களிலிருந்து பூம்புகார் கடலில் முங்கித் தேடியது. சங்ககாலப் பட்டினத்தைத் தேடப் போன அந்தக் கடலில் 1791, 1792 என்று ஆண்டும் ஆங்கிலப் பெயரும் பொறித்த ஈயக்கட்டிகளோடு மூழ்கிய ஒரு கப்பல் கிடைத்தது. கடலடி என்றாலே மூழ்கிய மாநகரம் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு அது ஏமாற்றம். கப்பல் வணிகத்தின் கதையைப் படிக்கிறவருக்கு அரிய சான்று.

இறந்த காலத்தைப் புரிந்துகொள்ள உயிரோடிருக்கும் கைவினைஞரிடம் போகும் கிளை ஒன்றும் இருக்கிறது. இனவரைவுத் தொல்லியல் என்பார்கள். தமிழகத்து அகழாய்வுகளில் எங்கும் கொட்டிக் கிடக்கும் சிறு கண்ணாடி மணிகள், நீளமான குழாயாக இழுத்து, பிறகு துண்டு துண்டாக வெட்டிச் செய்தவை. இந்த இழுப்பு வேலை ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் பழைய முறையில் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் உலையையும் கம்பியையும் ஆள்களின் வேலைப் பிரிவையும் அங்கே பதிவுசெய்தார்கள். இன்று செய்வதை வைத்து இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பும் இப்படித்தான் என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்கலாம். சொல்லக் கூடாதுதான். ஆனால் இந்தக் கிளையின் பயன் அதில் இல்லை, கழிவில் இருக்கிறது. மணி இழுக்கும் உலைக்கூடம் எந்த மாதிரிக் குப்பையை விட்டுச்செல்லும் என்று அங்கே தெரிந்துகொண்டால், குழியில் அதே குப்பை இருக்கிறதா என்று தேடலாம். முடிந்த மணி மட்டும் கிடைத்தால் வாங்கியது. உருகிய கட்டியும் உடைந்த குழாயும் சேர்ந்து கிடைத்தால் இங்கேயே செய்தது. வளையலுக்கும் இதே சோதனைதான்: அறுத்து எறிந்த சங்கின் உள்தண்டு கிடைக்கிற இடம் பட்டறை. தங்கத் தோட்டைவிடக் குப்பைக்கு மதிப்பு கூடும் இடம் தொல்லியல் ஒன்றுதான் போலும்.

இதே கேள்வியைக் கொஞ்சம் அருகே இழுத்தால் எம். புதுப்பட்டிப் பக்கத்துக்கு வந்துவிடுவோம். தொழிலகத் தொல்லியல் என்ற கிளை இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இங்கிலாந்தில் வலுப்பெற்றது. 1955இல் மைக்கேல் ரிக்ஸ் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தப் பெயர் பரவியது. பழைய ஆலை, உலை, பாலம், இயந்திரம், கூலியாள் வசித்த வரிசை வீடு எல்லாம் அதற்குச் சான்று. சிவகாசிக்கு இது பொருந்தாது என்று சொல்ல முடியுமா? 1922இல் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று அடுத்த ஆண்டு திரும்பினார்கள். தீப்பெட்டி, அதற்கு லேபிள் வேண்டி அச்சகம், 1940 வெடிபொருள் விதிகளுக்குப் பிறகு உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது. கைத்தொழிலாக நடந்த தீப்பெட்டி வேலையில் குச்சி அடுக்கிய சட்டங்கள், மருந்து முக்கிய தட்டுகள், லித்தோ அச்சுக் கற்கள் எல்லாம் இயந்திரம் வந்ததும் பழைய இரும்புக் கடைக்கும் அடுப்புக்கும் போகிறவை. பட்டாசு ஆலைகளின் தரையமைப்பே ஒரு ஆவணம். பெரிய கட்டடம் ஒன்று போதாதா, ஏன் சின்னச் சின்ன அறைகள், ஏன் அறைக்கும் அறைக்கும் நடுவே அத்தனை வெற்றிடம், ஏன் எதிரெதிர்ப் பக்கங்களில் கதவு என்று ஆயிரம் ஆண்டு கழித்துத் தோண்டுகிறவர் கேட்டால், அந்த இடைவெளியிலிருந்தே வெடி விபத்தையும் அதற்கான சட்டத்தையும் படித்துவிடலாம். மண்ணை வேதியியல் கூடத்துக்கு அனுப்பினால் பச்சை நிறத்துக்குப் போட்ட பேரியமும் சிவப்புக்குப் போட்ட ஸ்ட்ரான்சியமும் எந்த அறையில் என்ன கலந்தார்கள் என்று காட்டிக்கொடுக்கும்.

நூறு வருசத்துத் தொழிலுக்குத் தொல்லியல் எதற்கு, கம்பெனிக் கணக்கும் அரசு உரிமமும் புகைப்படமும் இருக்கின்றனவே என்பார்கள். கணக்கு உண்மையைச் சொல்லும் என்று நம்பினால் இந்த மறுப்பு சரி. 1973இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜே டூசான் நகரத்துக் குப்பையை அகழாய்வு முறையில் தரம்பிரிக்கத் தொடங்கினார். வீட்டார் தாங்கள் குடிப்பதாகச் சொன்ன பீரைவிடக் கூடுதலான பீர்ப் புட்டிகளும் டப்பாக்களும் அவர்கள் குப்பையில் இருந்தன. வாயால் சொன்னதுக்கும் கையால் செய்ததுக்கும் இடையே இருந்த தூரத்தை அளக்கக் குப்பைதான் உதவியது. உரிமத்தில் எழுதாத வேலை, பதிவேட்டில் ஏறாத பெண்களும் ஒரு காலத்துச் சிறுவர்களும், வீட்டுத் திண்ணையிலேயே பெட்டி ஒட்டிய குடும்பங்கள்: இவர்கள் கணக்குப் புத்தகத்தில் கிடைக்க மாட்டார்கள், வேலை செய்த இடத்தில் கிடைப்பார்கள். அரசர் காலத்துப் பட்டறையில் மணி கோத்தவரைத் தேடி இவ்வளவு பாடுபடுகிற நாம், நம் பாட்டன் காலத்துப் பட்டறையைப் பதியாமல் விடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை. தோண்டக்கூடத் தேவையில்லை, மூடிய ஆலைகளை அளந்து, படமெடுத்து, கருவிகளுக்குப் பெயரும் பயனும் எழுதி, வேலை செய்தவர்களிடம் கேட்டுப் பதிந்தாலே போதும். கல்லூரி மாணவர்களால் முடிகிற வேலை இது.

இத்தனை கிளை எதற்கு, ஆளுக்கொரு துண்டைத் தூக்கிக்கொண்டு போனால் முழுப்படம் யார் கையில் என்று நியாயமாகவே கேட்கலாம். யானையைத் தடவிய குருடர்கள் கதை நமக்குப் புதிதில்லை. இதற்கு என் பதில், முழுப்படம் குழியில் நிற்கிறவர் கையில்தான் இருக்கிறது என்பது. விதை ஆய்வாளருக்கு எந்த அடுக்கு மண் போக வேண்டும், எந்தக் கரித்துண்டு கலப்பில்லாதது, எந்த எலும்பு எந்தத் தாழிக்குரியது என்று எழுதிவைப்பவர் அவர். அவருடைய குறிப்பேடு பிசகினால் புனேக்கும் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கும் போன மாதிரிகள் எல்லாம் எங்கே இருந்து வந்தவை என்றே தெரியாத சாமான்களாகிவிடும். வேறு அறிவியல்களுக்கு இல்லாத ஒரு நெருக்கடி இவருக்கு இருக்கிறது: சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது. தோண்டிய குழியைத் திரும்பத் தோண்ட வழியில்லை. ஆகவே ஒரு மேடு முழுவதையும் ஒரே தலைமுறை தோண்டித் தீர்த்துவிடக் கூடாது என்பதும், பொருளைக் காட்சிக்கு வைக்கும் வேகத்தோடு மண்ணைச் சல்லடையிடும் பொறுமையும் வேண்டும் என்பதும் கிளைகளின் இருப்பே கற்றுத்தரும் நிபந்தனைகள். 1899க்கும் 1905க்கும் இடையில் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டியபோது கரிமப் பகுப்பாய்வு என்ற ஒன்றே உலகில் இல்லை. அது 1940களின் இறுதியில் வந்தது. அவர் தோண்டாமல் விட்டுவைத்த இடம்தான் பிந்தைய ஆய்வாளர்களுக்கு உதவியது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. கரிசல் காட்டில் உழும்போதோ, குளம் தூர் வாரும்போதோ, ஆலைக்கு அஸ்திவாரம் பறிக்கும்போதோ தாழியின் விளிம்போ மணியோ காசோ தட்டுப்பட்டால், அதைக் கழுவி வீட்டு அலமாரியில் வைப்பது அதன் பாதி மதிப்பைக் கழுவிவிடுவதாகும். கிடந்தது கிடந்தபடி விட்டு, கைப்பேசியில் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டமும் சொல்கிறது.